மூன்றாவது டிஸ்கவர்

புது லேப்டாப் ஒன்றில் நெட்வொர்க் வழியாக இமேஜ் போடும்போது, அது டிஹெச்சிபி சர்வரிடம் மூன்று தடவை ஐபி முகவரி கேட்கும். முதலில் கேட்பது லேப்டாப்பின் ஃபர்ம்வேர். அடுத்துக் கேட்பது, அந்த ஃபர்ம்வேர் இறக்கிக்கொண்ட ஐபிஎக்ஸ்இ என்கிற குட்டி பூட் நிரல். கடைசியாகக் கேட்பது, ஐபிஎக்ஸ்இ கொண்டுவந்து ஏற்றிவிட்ட லினக்ஸ். மூன்று கேள்வியும் ஒரே கேபிளில், ஒரே மேக் முகவரியிலிருந்து வரும். கேட்கும் ஆள்தான் ஒவ்வொரு தடவையும் வேறு. முன்னவர் வாங்கிவைத்த முகவரி லினக்ஸுக்குத் தெரியாது. முன்னவர் பயன்படுத்திய டிரைவரும் அதற்குக் கிடைக்காது. எல்லாவற்றையும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களிடம் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மெஷின் பூட் ஆகாமல் நின்றுவிட்டால், அதன் திரையை முறைத்துக்கொண்டு நிற்காதே. சர்வரில், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, 67, 68 போர்ட்டுகளில் எத்தனை டிஸ்கவர், அதாவது ஐபி கேட்கும் முதல் பாக்கெட், வந்தது என்று பார். டிஹெச்சிபி பாக்கெட்டில் 60-ஆம் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு, கேட்பவர் யார் என்று சொல்வதற்கு. ஃபர்ம்வேர் கேட்டால் அதில் ‘பிஎக்ஸ்இகிளையன்ட்’ என்று இருக்கும். ஐபிஎக்ஸ்இ கேட்டாலும் அதே பெயர்தான். கூடவே 77-ஆம் ஆப்ஷனில் ‘ஐபிஎக்ஸ்இ’ என்று தன் அடையாளத்தையும் போட்டுக்கொள்ளும். லினக்ஸுக்குள் இருக்கும் பிஸிபாக்ஸ் கேட்டால் ‘யுடிஹெச்சிபி’ என்று வரும். இந்த மூன்றாவது பெயர் வந்துவிட்டால், திரை கறுப்பாகவே இருந்தாலும் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது. வரவில்லை என்றால் பெரும்பாலும் கெர்னல் எழும்பவில்லை, அல்லது எழும்பியும் நெட்வொர்க் கார்டை அடையாளம் காணவில்லை. தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஐடி பிரிவில் இதுதான் என் வேலை. கல்லூரி முடித்த பிள்ளைகள் வருஷத்தில் சில மாதங்கள் கூட்டங்கூட்டமாக வேலைக்குச் சேர்வார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் லேப்டாப் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிடும். ஸ்டேஜிங் ரூமில் நீள மேசைகள், மேசை நெடுக ஸ்பைக் பஸ்டர்கள், ஸ்விட்ச்சிலிருந்து நீளும் பேட்ச் கார்டுகள். பெட்டியைப் பிரித்து, அசெட் டேக் ஒட்டி, கேபிளைச் செருகி, எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பூட்டில் விட்டால் மிச்சத்தை சர்வர் பார்த்துக்கொள்ளும். நாங்கள் பயன்படுத்துவது ஃபாக் என்ற திறமூல மென்பொருள். பெரும்பாலும் நாங்கள் போடுவது விண்டோஸ் இமேஜ்; ஆனால் போடுகிற கருவி லினக்ஸ். கெர்னல் ஒரு கோப்பு, பில்ட்ரூட்டில் கட்டிய இனிட் ஒரு கோப்பு, இரண்டும் சேர்ந்து சில பத்து எம்பிதான். லேப்டாப்பின் ரேமில் ஏறி, பார்ட்குளோனை ஓட்டி, டிஸ்க்கில் இமேஜை எழுதிவிட்டு அந்த லினக்ஸ் மறைந்துவிடும். அந்த மெஷினைப் பயன்படுத்தப்போகிறவருக்கு அப்படி ஒரு லினக்ஸ் அதில் ஓடியதே தெரியாது.

மாடல் மாறாத வரை எல்லாம் நன்றாகப் போகும். சப்ளையர் புது மாடல் அனுப்பினால் அன்றைக்கு வேலை நின்றுவிடும். ஏனென்றால் லேப்டாப் இந்த வருஷத்தது, அதை எழுப்ப வேண்டிய கெர்னல் போன வருஷத்தது.

ரொம்ப நாள் நாங்கள் மாறி மாறிச் சந்தித்தது நெட்வொர்க் டிரைவர் தகராறுதான். ஐபிஎக்ஸ்இ மெனு வரும். கெர்னல் கோப்பு, இனிட் கோப்பு இரண்டுக்கும் எதிரே ‘ஓகே’ விழும். லினக்ஸ் எழும்பும், எழுத்துகள் ஓடும். பிறகு நெட்வொர்க் கார்டே இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முதல் தடவை இதைப் பார்த்த தம்பி ஒருவன் விடவே இல்லை.

“அண்ணா, இப்பத்தானே இதே கேபிள்ல முப்பது எம்பி இறங்குச்சு? அதுக்குள்ள கார்டு எங்க போகும்?”

“கார்டு அங்கேயேதான் இருக்கு. அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் போயிட்டாரு.”

நியாயமான கேள்வி, நியாயமாகவே பதில் சொல்ல வேண்டும். யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேருக்குள் அந்த கார்டுக்கான டிரைவர் உண்டு. லேப்டாப் தயாரித்தவர்களே வைத்து அனுப்பியது. ஐபிஎக்ஸ்இ-யில் ‘எஸ்என்பிஒன்லி’ என்ற வகையைப் போட்டால், அது தன் சொந்த டிரைவரை விட்டுவிட்டு ஃபர்ம்வேரின் டிரைவரையே இரவல் வாங்கி ஓட்டும். அதனால்தான் எந்தப் புது மாடலிலும் மெனு வரை பிரச்சினை இல்லாமல் வந்துவிடுகிறது. கெர்னல் பொறுப்பேற்கும் கட்டத்தில் ‘எக்ஸிட் பூட் சர்வீசஸ்’ என்ற அழைப்பு நடக்கும். அத்தோடு ஃபர்ம்வேர் தன் பூட் நேரச் சேவைகளையெல்லாம் மூட்டை கட்டிவிடும். வாடகை வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர் தான் மாட்டிய ஃபேன், டியூப்லைட்டையெல்லாம் கழற்றிக்கொண்டு போவது மாதிரி. புதிதாக உள்ளே வரும் கெர்னல் தன் டிரைவரைத் தானே கொண்டுவந்தால்தான் விளக்கு எரியும்.

இன்டெலின் ஐ219 கார்டு இதற்கு நல்ல உதாரணம். 2015-இல் ஸ்கைலேக் தலைமுறையோடு வந்தது. பெயர் பல வருஷம் அதேதான். ஆனால் ஒவ்வொரு சிப்செட் தலைமுறையிலும் அதன் பிசிஐ எண் மாறிக்கொண்டே இருக்கும். கெர்னலில் அதை ஓட்டும் டிரைவர் இ1000இ. தன் பட்டியலில் உள்ள எண்களை மட்டும்தான் அது தொடும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் கண்டுகொள்ளாமல் போய்விடும். பிழைச் செய்தி கூட வராது, வரவும் முடியாது. தனக்குச் சம்பந்தமில்லாத கருவியைப் பற்றி எந்த டிரைவரும் பேசாது. பட்டியலில் எண்ணை மட்டும் நாமே சேர்த்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் சிப்பின் நடத்தையில் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு, அந்த எண்ணோடு சேர்த்து எழுதப்பட்ட நிரல்வரிகளும் வேண்டும். புது கெர்னலை எடுத்துக் கட்டுவதே நேர்வழி.

எந்தக் கார்டு என்று கண்டுபிடிக்க நான் செய்வது: அப்போதைக்குப் புதிதாக வந்திருக்கும் உபுண்டுவை லைவ் யுஎஸ்பியில் போட்டு, அந்த லேப்டாப்பை எழுப்பி, ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ கொடுத்துப் பார்ப்பது. கார்டின் பெயர், அடைப்புக்குள் இரண்டு எண்கள், கீழே அதை ஓட்டும் டிரைவரின் பெயர் மூன்றும் வரும். முதல் எண் தயாரிப்பாளருடையது. இன்டெலின் எண் 8086. 1978-இல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. அதைக் கெர்னல் மூலநிரலில் தேடினால் எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். 2.5 கிகாபிட் இன்டெல் ஐ225-க்கான ஐஜிசி டிரைவர் 4.20-இல் வந்தது. ரியல்டெக் 8125, ஆர்8169 டிரைவருக்குள் 5.4-இல் சேர்ந்தது. யுஎஸ்பி டாங்கிள்களில் வரும் ரியல்டெக் 8156-க்கு, ஆர்8152 டிரைவரில் 5.13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி எண்கள் என் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

ரியல்டெக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்8169 டிரைவர் இருக்கும், கார்டையும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனாலும் நெட்வொர்க் வராது. கெர்னலின் பதிவான டிமெஸ்ஜியைப் பார்த்தால், கார்டில் கேபிளோடு பேசும் பகுதியான இந்த பிஹெச்ஒய்-க்கென்று தனி டிரைவர் இல்லை, ரியல்டெக்.கேஓ-வை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்க வேண்டுமோ என்று ஒரு வரி இருக்கும். அதுதான் விடை. கெர்னலை மெலிதாகக் கட்டுகிறேன் என்று பிஹெச்ஒய் டிரைவரை எடுத்துவிட்டால் இப்படி ஆகும். அந்த வரியை எழுதியவரை நான் மனதார மதிக்கிறேன். ‘பிழை எண் இத்தனை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு சர்வர் ரூமில் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகிறவனை நினைத்து, அவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இப்போதெல்லாம் மெல்லிய லேப்டாப்களில் ஈதர்நெட் போர்ட்டே இல்லை. டைப்-சி டாங்கிள் மாட்டித்தான் இமேஜ் போட வேண்டும். கையிலிருக்கும் சில டாங்கிள்களை லேப்டாப்புக்கு லேப்டாப் மாற்றி மாற்றிச் செருகினால், சர்வருக்குத் தெரிவது டாங்கிளின் மேக் முகவரிதான். எல்லா லேப்டாப்பும் அதற்கு ஒரே மெஷின். சில பிசினஸ் மாடல்களில் லேப்டாப் தன் சொந்த மேக் முகவரியை டாங்கிளுக்குக் கொடுக்கும் வசதி உண்டு. எல்லா டாங்கிளிலும் அது வேலை செய்யாது. நாங்கள் ஹோஸ்ட்டைப் பதிவு செய்யும் வழக்கத்தையே விட்டுவிட்டோம். பதிவில்லாத மெஷினுக்கு மெனுவிலிருந்து நேராக இமேஜை இறக்குவோம். கம்ப்யூட்டர் பெயரை சீரியல் நம்பரிலிருந்து பிறகு ஒரு ஸ்கிரிப்ட் வைத்துவிடும்.

டாங்கிளோடு வந்த அடுத்த தொல்லை ஸ்விட்ச்சில் இருந்தது. கெர்னல் புதிது, டிரைவர் சரி, கார்டும் தெரிகிறது. ஆனால் லிங்க் வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, ஐபி கிடைக்கவில்லை என்று லினக்ஸ் கைவிட்டுவிடும். கைவிட்ட சற்று நேரத்தில் கையால் டிஹெச்சிபி கேட்டால் உடனே கிடைக்கும். டிசிபிடம்ப்பில் மூன்றாவது டிஸ்கவர் வந்ததாகவே தெரியாது. லேப்டாப்போ அனுப்பிவிட்டேன் என்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் ஸ்விட்ச் அதை விழுங்கியிருக்கிறது.

ஸ்விட்ச்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு உண்டு. ஒரு போர்ட்டில் லிங்க் வந்ததும் எடுத்த எடுப்பில் போக்குவரத்தை விட்டுவிடாது. இங்கே கேபிள் சுற்றிக்கொண்டு வந்து வளையம் ஏதும் விழுகிறதா என்று 15 விநாடி கவனிக்கும். பிறகு 15 விநாடி முகவரிகளைக் கற்கும். அதன் பிறகுதான் திறக்கும். ஆக 30 விநாடி. ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கை மாற்றத்திலும் கார்டு ரீசெட் ஆகும், லிங்க் அறுந்து மறுபடி வரும். யுஎஸ்பி டாங்கிளில் இது இன்னும் நிச்சயம். கெர்னல் வந்ததும் யுஎஸ்பி பஸ்ஸையே முதலிலிருந்து எழுப்பும். ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் தன் முப்பது விநாடியைத் தொடக்கத்திலிருந்து எண்ணும். அதற்குள் டிஹெச்சிபி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி: லேப்டாப்புக்கும் பெரிய ஸ்விட்ச்சுக்கும் நடுவில், எந்தக் கட்டமைப்பும் செய்ய முடியாத ஐந்து போர்ட் குட்டி ஸ்விட்ச் ஒன்றை வைத்துப் பார்ப்பது. லேப்டாப்பின் லிங்க் விழுந்து எழுந்தாலும், பெரிய ஸ்விட்ச்சை நோக்கிய லிங்க் அசையாமல் இருக்கும். அப்படி வைத்ததும் எல்லாம் ஓடினால் குற்றவாளி ஸ்பானிங் ட்ரீதான். அப்புறம் நெட்வொர்க் டீமிடம் போய் ஸ்டேஜிங் ரூம் போர்ட்டுகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்ல வேண்டும். அவர்கள் காரணம் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்பதுதான் முறை. லிங்க் எந்த விநாடியில் வந்தது, முதல் டிஸ்கவர் எந்த விநாடியில் சர்வருக்கு எட்டியது என்று நேரத்தோடு பதிவெடுத்துக்கொண்டு போனால் ஒரு வாக்குவாதமும் இருக்காது.

இவையெல்லாம் கெர்னல் எழும்பிய பிறகு வரும் தகராறுகள். எழும்பவே எழும்பாத கெர்னல் வேறு ரகம். இரண்டு கோப்புக்கும் ‘ஓகே’ விழுந்ததும் திரை அப்படியே உறைந்துவிடும், அல்லது கறுத்துவிடும். மூன்றாவது டிஸ்கவர் வரவே வராது. கேப்ஸ் லாக் விளக்கும் அசையாது.

கறுப்புத் திரைக்கு எளிய காரணம் ஒன்று உண்டு, அதை முதலில் கழித்துவிட வேண்டும். யுஇஎஃப்ஐ மெஷினில் திரைக்கு எழுத்து அனுப்பும் இஎஃப்ஐ ஃப்ரேம்பஃபர் ஆதரவு கெர்னலில் இல்லாவிட்டால், உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் மூன்றாவது டிஸ்கவர்தான் சாட்சி. இன்னொன்று, இனிட் கோப்பின் பெயரை ‘இனிட்ஆர்டி=’ என்று கெர்னல் கட்டளை வரியிலும் தர மறப்பது. பழைய பயாஸ் பூட்டில் அது இல்லாமலே ஓடிக்கொண்டிருந்த மெனு, யுஇஎஃப்ஐ-க்கு மாறியதும் ரூட் கோப்பமைப்பை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆகும். இனிட் கோப்பு இறங்கியிருக்கும். கெர்னலுக்கு அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவை இரண்டும் இல்லை என்று ஆன பிறகுதான் உண்மையான வேட்டை. அப்படி ஒரு மாடல் எங்களிடம் வந்தது. லைவ் யுஎஸ்பியில் புது உபுண்டு எழும்புகிறது. எங்கள் சர்வரில் இருந்த 4-ஆம் வரிசைக் கெர்னல் எழும்பவில்லை. பேனிக் என்றால் திரையில் ஏதாவது எழுத்து வர வேண்டும். இங்கே ஒரு புள்ளி கூட இல்லை. ‘எர்லிபிரிண்ட்கே=இஎஃப்ஐ,கீப்’ என்ற அளபுருவை ஏற்கும்படி கெர்னலைத் திரும்பக் கட்டினேன். திரைக்கான முறையான டிரைவர் வருவதற்கு முன்பே, ஃபர்ம்வேர் விட்டுப்போன ஃப்ரேம்பஃபரில் நேரடியாக எழுத்தைத் தீட்டும் ஏற்பாடு அது. (இன்றைய கெர்னல்களில் இதற்கு ‘எர்லிகான்=இஎஃப்ஐஎஃப்பி’ என்று கொடுக்க வேண்டும்.) மிக மெதுவாக, வரி வரியாக எழுத்து இறங்கியது. கடைசி வரி, ஐஓ-ஏபிக்கும் டைமரும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்று சொன்ன கெர்னல் பேனிக்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்த விவரம் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருகிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8253 என்ற டைமர் சிப் இருந்தது. 1984-இல் பிசி ஏடியில் அதன் இடத்தில் 8254. விநாடிக்குச் சுமார் 11.93 லட்சம் துடிப்பு. அதை எண்ணி எண்ணி, குறித்த நேரத்தில் பிராசசரைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கடிகாரங்கள் பிராசசருக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனாலும் லினக்ஸ் எழும்பும்போது, இடையீட்டுச் சமிக்ஞைகள் சரியாக வந்துசேர்கின்றனவா என்று பார்க்க இந்தப் பழைய டைமரிலிருந்து ஒரு தட்டலை எதிர்பார்க்கும். தட்டல் வராவிட்டால் மெஷினில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி நின்றுவிடும். புதிய இன்டெல் சிப்செட்களிலோ, மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்த 8254-இன் துடிப்பை நிறுத்திவைக்க வழி உண்டு. சில மாடல்கள் ஃபர்ம்வேரிலேயே அதை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தன. சிப்புக்குக் கட்டளை எழுதினால் வாங்கிக்கொள்ளும். தட்டல் மட்டும் வராது. இந்தப் பேனிக், திரைக்கான டிரைவர் எழும்புவதற்கு முன்பே நடந்துவிடுவதால் பார்ப்பவருக்கு வெறும் கறுப்புத் திரைதான்.

2019 செப்டம்பரில் வெளியான 5.3 கெர்னலில் இதற்குத் தீர்வு வந்தது. எழுதியவர் தாமஸ் கிளைக்ஸ்னர். பிராசசரின் உள்கடிகாரம் நம்பகமாக இருந்து அதன் வேகமும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், 8254-ஐத் தொடாமலே போய்விடலாம் என்பதுதான் மாற்றம். அந்த மாற்றத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும் விளக்கக் குறிப்பைப் படித்தால் நான் மேலே சொன்ன அறிகுறிகள் அத்தனையும், கறுப்புத் திரை உட்பட, வரிசையாக இருக்கும். நாங்கள் 5-ஆம் வரிசைக் கெர்னலுக்கு மாறினோம். அந்த மாடல் மேசை முழுக்க ஓடத் தொடங்கியது.

இந்த இடத்தில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. கெர்னல் எழும்பவில்லை என்றதும் பலர் கையில் எடுப்பது ஒரு பட்டியல்: ‘ஏசிபிஐ=ஆஃப்’, ‘நோஏபிக்’, ‘நோமோட்செட்’, ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’. ஒவ்வொன்றாகப் போட்டு, எதிலாவது எழும்பினால் அதையே எல்லா மெஷினுக்கும் எழுதிவிடுவது. நான் இதை எதிர்க்கிறேன். ஏசிபிஐ-யை அணைத்தால், மெஷினில் என்னென்ன கருவி இருக்கிறது, மின்சாரம், வெப்பம் எப்படிக் கையாளப்படுகிறது என்று ஃபர்ம்வேர் சொல்லவந்த எல்லாவற்றுக்கும் கெர்னல் காதைப் பொத்திக்கொள்கிறது. அந்த நிலையில் இருபது நிமிஷம் டிஸ்க்கில் எழுதச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அளபுரு வேலை செய்தால் அது ஒரு தடயம். அதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடி, காரணம் தெரிந்ததும் அளபுருவை எடுத்துவிடு. எடுக்கவே முடியாத நிலை வந்தால், ஃபாக்கில் அந்த ஒரு ஹோஸ்ட்டை மட்டும் பதிவு செய்து, அதற்கு அளபுருவும் தனி கெர்னலும் தர இடமிருக்கிறது. அங்கே எழுது, ஏன் என்றும் குறித்து வை. எங்கள் சர்வரில் பொது அளபுரு என்று இன்று இருப்பது ‘லாக்லெவல்’ மட்டும்தான். அதுவும் எழுத்து கூடுதலாக வரட்டும் என்பதற்காக.

டிஸ்க் காணாமல் போவதும் உண்டு. நெட்வொர்க் வந்துவிடும், பார்ட்குளோன் வரை போய், சிஸ்டத்தில் டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிடும். 2020-இல் வந்த பதினோராம் தலைமுறை இன்டெலிலிருந்து லேப்டாப்களில் விஎம்டி என்ற ஏற்பாடு பரவியது. சர்வர் பிராசசர்களில் இருந்து இறங்கி வந்தது. என்விஎம்இ டிஸ்க் வெளியே தெரியாது. அதற்கு முன்னால் ஒரு விஎம்டி கன்ட்ரோலர் நிற்கும். ‘எல்எஸ்பிசிஐ’ கொடுத்தால் ரெய்டு கன்ட்ரோலர் என்று 8086:9ஏ0பி எண்ணோடு ஒன்று தெரியும், டிஸ்க் தெரியாது. பயாஸுக்குள் போய் விஎம்டியை அணைத்தால் டிஸ்க் உடனே வந்துவிடும். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. அணைத்துவிட்டு இமேஜ் போட்ட மெஷினில், யாராவது என்றைக்காவது பயாஸை ஃபேக்டரி டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோனால், விண்டோஸ் தன் டிஸ்க்கைக் காணாமல் நீலத் திரையில் நின்றுவிடும். அந்த நேரத்தில் லேப்டாப் மதுரையிலோ திருநெல்வேலியிலோ வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் கையில் இருக்கும். கெர்னலில் விஎம்டி டிரைவரைச் சேர்த்துக் கட்டுவதும், விண்டோஸ் இமேஜுக்குள் இன்டெலின் டிரைவரை முன்கூட்டியே வைப்பதும் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை நாங்கள் செலவழிக்கிறோம்.

டெவலப்பர் மெஷின்களுக்கு லினக்ஸ் இமேஜே போட வேண்டியிருக்கும். அங்கே தகராறு இமேஜ் இறங்கி முடிந்த பிறகு, முதல் பூட்டில் வரும். ரெட் ஹேட் குடும்பத்து விநியோகங்களில் ட்ராகட் என்ற கருவி இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும்போது, எந்த மெஷினில் கட்டுகிறதோ அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் உள்ளே வைக்கும். சாட்டா டிஸ்க் உள்ள பழைய மெஷினில் தயாரித்த மூல இமேஜைப் புது என்விஎம்இ லேப்டாப்பில் இறக்கினால், தன் ரூட் பார்ட்டிஷனைத் தேடித் தேடி, கடைசியில் எமர்ஜென்சி ஷெல்லில் வந்து நிற்கும். க்ரப் மெனுவில் உள்ள ‘ரெஸ்க்யூ’ வரியைத் தேர்ந்தால் அதே மெஷின் எழும்பும். ரெஸ்க்யூ இமேஜ் எல்லா டிரைவரையும் வைத்துக் கட்டப்பட்டது. இந்த வித்தியாசம் தெரிந்தால் நோய் என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும். மூல இமேஜை எடுப்பதற்கு முன்னால் ‘ட்ராகட் --நோ-ஹோஸ்ட்ஒன்லி’ கொடுத்துத் திரும்பக் கட்டிவிட்டால் போதும். டெபியன், உபுண்டுவில் இயல்பாகவே பெரும்பாலான டிரைவர்களும் உள்ளே இருப்பதால் இந்தப் பிரச்சினை அபூர்வம்.

கெர்னலை மாற்றுவதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. புது லேப்டாப்பை எழுப்புவதற்காகப் போட்ட புது கெர்னல், போன வருஷத்து மாடலை மறுபடி இமேஜ் போடும்போது தகராறு செய்தால் அதுவும் நம் தலையில்தான் விழும். அதனால் நாங்கள் இமேஜ் போட்ட ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறோம். கீபோர்டு போனவை, கீல் உடைந்தவை, யாரும் திரும்பக் கேட்காதவை. புது கெர்னல் கட்டியதும் அத்தனையையும் வரிசையாக மேசையில் வைத்து எழுப்பிப் பார்ப்போம். நீண்டகால ஆதரவுக் கெர்னல் வரிசையை விட்டு நான் வெளியே போவதில்லை: 5.15, 6.1, 6.6, 6.12 என்று அந்த வரிசையிலேயே ஏறுவோம். பழைய கெர்னலை அழிப்பதும் இல்லை. பெயரோடு பதிப்பெண்ணைச் சேர்த்து அங்கேயே வைத்திருப்போம்.

இப்போது, கையெழுத்தில்லாத பூட் நிரலை ஓடவிடாத செக்யூர் பூட் வந்து வாசலில் நிற்கிறது. முன்பெல்லாம் இமேஜ் போடும்போது அணைத்துவிட்டு, முடிந்ததும் போட்டுக்கொள்வோம். பாதுகாப்புப் பிரிவு அதை இனி ஏற்காது, அவர்கள் சொல்வதும் சரிதான். சில பிசினஸ் லேப்டாப்களில், லினக்ஸ் பூட் நிரல்களுக்குக் கையெழுத்திடும் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் தொழிற்சாலையிலேயே அணைக்கப்பட்டு வருகிறது. பயாஸில் அதை மட்டும் தனியாக இயக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் 2011-ஆம் வருஷப் பதிப்புக்கு 2026 ஜூனோடு ஆயுள் முடிகிறது, 2023 பதிப்பு அதன் இடத்துக்கு வருகிறது. எந்த மாடலின் ஃபர்ம்வேரில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பதும் இனி பார்த்தே ஆக வேண்டிய விஷயம்.

ஆகவே பர்ச்சேஸ் பிரிவிடம் பேசி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். மொத்த ஆர்டர் போடுவதற்கு முன்னால் சப்ளையர் ஒரு சாம்பிள் மெஷின் தர வேண்டும். அது எங்கள் மேசைக்கு வரும். நெட்வொர்க் கார்டின் எண், அல்லது டாங்கிளின் சிப், டிஸ்க் விஎம்டிக்குப் பின்னால் இருக்கிறதா, செக்யூர் பூட் சான்றிதழ்கள், ஃபர்ம்வேர் பதிப்பு, மூன்றாவது டிஸ்கவர் எத்தனையாவது விநாடியில் வந்தது. எல்லாம் ஒரு தாளில் ஏறும். கடைசிக் கட்டத்தில், அந்த மாடல் எழும்பிய கெர்னல் பதிப்பின் எண். அது நிரம்பிய பிறகுதான் எங்கள் பிரிவு கையெழுத்துப் போடும்.